மெஷின் கோளாறு என்று எழுத மாட்டேன்

1. பொய் சொல்கிற பெட்டி

அந்தப் போன் வந்தபோது ஒரு பிரிண்டரைக் கழற்றி மேஜையில் பரப்பி வைத்திருந்தேன். கை முழுக்க இங்க். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினேன்.

"கம்ப்யூட்டர் செல்வியா பேசுறது? நான் வேலுச்சாமி. ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். என் வீட்டுல ஒரு மெஷின் வச்சிருக்கேன். அது பொய் சொல்லுதுன்னு ஊர்ல சொல்றாக. நீ வந்து பார்த்துட்டு, பொய் சொல்லுதா இல்லையான்னு சொல்லிட்டுப் போ தாயி."

"என்ன மெஷின்ணே?"

"நோடு."

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் நான் கடை போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. சிஸ்டம் ஆன் ஆகவில்லை, நெட் வரவில்லை, பில் பிரிண்ட் ஆகவில்லை என்று கூப்பிடுவார்கள். மெஷின் பொய் சொல்கிறது என்று யாரும் கூப்பிட்டதில்லை. அதுவும் திருச்சுழி ரோட்டில் நாற்பது ஐம்பது வீடு உள்ள ஒரு ஊரிலிருந்து நோடு என்ற வார்த்தையைக் கேட்பேன் என்று நினைக்கவே இல்லை. காரியாபட்டியில் ஒரு கல்லூரி ஆசிரியருக்கு நோடு ஒன்று போட்டுக் கொடுத்து ஒரு வருஷம் பார்த்துக்கொண்டேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிட்காயின் தொடங்கிய நாளிலிருந்து எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்பதெல்லாம் ஒரே பேரேட்டில் இருக்கிறது. முகவரி என்றால் தெருப்பெயர் இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு வரி. அந்தப் பேரேட்டின் முழு நகலை வீட்டிலேயே இறக்கி வைத்து, ஒவ்வொரு வரியையும் தானே சரிபார்த்து, புது வரிகளைச் சேர்த்துக்கொண்டே போகிற கம்ப்யூட்டர்தான் நோடு. அதில் காசு விளையாது. நோடு வைத்தால் மாதாமாதம் வருமானம் என்று எவனாவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது செய்கிற வேலை ஒன்றே ஒன்று. இந்த முகவரிக்கு என்ன வந்திருக்கிறது என்று கேட்டால், வேறு யாரையும் கேட்காமல் தன் பேரேட்டைப் பார்த்துப் பதில் சொல்லும்.

மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வேலுச்சாமி அண்ணன் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு அறை. ஒட்டினாற்போல ஒரு மாவு மில். டூல் பையோடு நான் இறங்கியதைப் பார்த்து மில்லில் மிளகாய் அரைக்க நின்றிருந்த ஒருவர், "சர்வீஸ் பண்றவுக வரலியா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் சிரித்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னும் பழகவில்லை.

அண்ணன் விஷயத்தைச் சொன்னார். ஜெயபால் என்று ஒருவர். முன்பு இந்தப் பக்கத்து ஊர்களில் பாத்திரச் சீட்டு நடத்தியவர். போன வருஷம் காரில் வந்து பிட்காயின் வாங்கித் தருகிறேன் என்று இந்த ஊரில் அண்ணன் வீடும் சேர்த்து ஏழு வீட்டில் பணம் வாங்கியிருக்கிறார். பதிலுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முகவரி அச்சடித்து லேமினேஷன் செய்த சீட்டு. 'உங்க காயின் இந்த முகவரியிலதான் இருக்கு' என்று சொல்லி, போனில் ஒரு ஆப்பும் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். அந்த ஆப்பில் தொகை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே இருக்கும். ஏழு வீடும் ஒரு தலைமுறைக்கு முன்னால் கூலிக்குக் களை எடுத்த குடும்பங்கள். இப்போது ஒருவர் மில் வேலை, ஒருவர் லாரி, ஒருவர் சத்துணவுக் கூடத்தில் சமையல்.

"மில்லுல ஒவ்வொரு ஃபிரேம்லயும் ஒரு மீட்டர் இருக்கும்மா. எம்புட்டு நூல் ஓடுச்சுன்னு அது சொல்லும். சூப்பர்வைசர் ஒரு கணக்குச் சொல்வாரு. நான் மீட்டரைப் பார்த்துட்டுத்தான் நம்புவேன். இதுக்கும் ஒரு மீட்டர் இருக்கணும்ல? எம் மக கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் வேலை பார்க்குறா. இதுக்கு மீட்டர் நோடுதாம்ப்பான்னா. மதுரையில சாமான் வாங்கி, அவ போன்ல சொல்லச் சொல்ல நானே மாட்டினேன்."

"என்ன காட்டுது?"

"சைபர் காட்டுது. ஜெயபாலைக் கேட்டா, உங்க மெஷின் கோளாறுங்கிறாரு. ஊரும் அதைத்தான் நம்புது."

நான் அவர் சீட்டில் இருந்த முகவரியை என் போனில், எல்லோரும் பார்க்கிற ஒரு வெப்சைட்டில் போட்டேன். அங்கேயும் பூஜ்யம்தான். ஒரு பரிமாற்றம்கூட இல்லை. அதை அவரிடம் காட்டினேன். இதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் கையால் போனை ஒதுக்கினார். "ஜெயபாலு ஒரு ஸ்கிரீனைக் காட்டுறாரு. நீ ஒரு ஸ்கிரீனைக் காட்டுறே. ரெண்டுமே எவனோ நடத்துறது. நான் எதை நம்ப? என் மெஷினைச் சரி பண்ணிக் குடு. அது சொல்லட்டும்."

அந்த ஒரு பேச்சில் நோடு எதற்கு என்பதை அவர் என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

2. இரும்புத் துண்டு

மெஷினைப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு, அதோடு ஒரு டெரா, அதாவது ஆயிரம் ஜிபி, என்று எழுதிய எஸ்.எஸ்.டி. டிஸ்க். இரண்டையும் கூரைக்குக் கீழே பரணில் வைத்திருந்தார். மே மாத வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில். கை வைக்க முடியவில்லை.

மெஷின் தான் செய்வதையெல்லாம் குறித்து வைக்கிற லாகைத் திறந்து படித்தேன். எனக்குக் கோபம் வந்தது, மெஷினைத் திறக்காமலே வேலை முடிந்தது என்று நினைத்த என் மேலேயே. ஏனென்றால் ஜெயபால் சொன்னது ஒரு வகையில் சரி. மெஷினில் உண்மையிலேயே கோளாறு இருந்தது. அது பேரேட்டை முழுதாகப் படிக்கவே இல்லை. பல வருஷங்களுக்கு முந்திய பக்கத்தில் நின்று, டேட்டாபேஸ் கெட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, மறுபடி அதே இடத்தருகே விழுந்துகொண்டிருந்தது. அண்ணனிடம் மறைக்காமல் சொன்னேன்.

"அண்ணே, இது இன்னும் பழைய வருஷத்துக் கணக்கைத்தான் படிச்சிருக்கு. நீங்க சீட்டு வாங்கினது போன வருஷம். இப்ப இது சொல்ற சைபர் செல்லாது."

அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப ஜெயபாலு சொன்னது நெசமா?"

"மெஷின் கோளாறுங்கிறது நெசம். காசு இருக்குங்கிறது நெசமான்னு மெஷின் சரியான பெறகுதான் தெரியும்."

எஸ்.எஸ்.டி.யைக் கடைக்குக் கொண்டுவந்து டெஸ்ட் போட்டேன். முழுக்க எழுதி, எழுதினதைத் திரும்பப் படிக்கிற டெஸ்ட். நூற்றிருபது ஜிபி வரை எழுதியது அப்படியே திரும்பி வந்தது. அதற்கு மேல் எழுதியது எதுவுமே இல்லை. ஆனால் எழுதியாகிவிட்டது என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. மூடியைக் கழற்றினேன். உள்ளே தபால்தலை அளவுக்கு ஒரு பழைய மெமரி சிப். மிச்ச இடத்தில், கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டுமே என்று, ஒரு இரும்புத் துண்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

இரும்புத் துண்டு. ரிட்டையர் ஆன மில் தொழிலாளி, பில்லும் இல்லாமல் மதுரையில் பிளாட்பாரத்தில் பேரம் பேசி வாங்கியது. அதை ஒட்டினவன் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான். அந்தத் துண்டை ஒரு கவரில் போட்டு எடுத்து வைத்தேன்.

நல்ல டிஸ்க் ஒன்று பில்லோடு வாங்கினோம். போர்டைப் பரணிலிருந்து இறக்கி, வெயில் விழாத வடக்குச் சுவரோரம் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பலகை அடித்து வைத்தேன். ஃபேன் போட்டேன். கரிசல் தூசி உள்ளே போகாமல் முன்னால் ஒரு வலை. அன்றைக்கு மதியம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே போர்டு படக்கென்று ரீஸ்டார்ட் ஆனது. கால் மணி நேரத்தில் மறுபடி. மாவு மில்லில் மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் இந்த வீட்டில் டியூப்லைட் மங்கியது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். இருநூற்றிருபதில் இருந்த வோல்ட்டேஜ் நூற்றைம்பத்தைந்துக்கு விழுந்து எழுந்தது. யு.பி.எஸ். ஒன்று போட்டேன். ரீஸ்டார்ட் ஆவது நின்றது.

அப்புறமும் டிஸ்க்கின் உலோக மூடியைத் தொட்டால் விரலில் சுரீர் என்று அடித்தது. எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தால் மண் சாம்பல் மாதிரி உதிர்ந்தது. மழை பார்த்துப் பல மாதம். ஈரமில்லாத மண்ணில் எர்த் கம்பி இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். கரியும் உப்பும் போட்டு, எட்டுக் குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.

"குடிக்கவே லாரித் தண்ணி வாங்குறோம். மண்ணுக்கு ஊத்தச் சொல்றியே தாயி" என்றார். ஆனால் ஊற்றினார்.

அடுத்த சிக்கல் நெட். அந்த ஊருக்கு ஃபைபர் இல்லை. சிம்மில் ஒரு நாளைக்கு இரண்டு ஜிபி. பேரேடோ அறுநூறு ஜிபிக்கு மேல். என் கடையில் ஃபைபர் இருக்கிறது, அங்கே இறக்கிக் கொண்டுவருகிறேன் என்றேன். அண்ணன் யோசித்தார்.

"நீ கடையில ஏதோ எழுதிக் கொண்டாந்துட்டேன்னு சொன்னா?"

நியாயமான கேள்வி. அதற்கும் வழி இருக்கிறது. பேரேட்டின் பக்கங்களைக் கடையில் இறக்கினாலும், இங்கே கொண்டுவந்து முதல் பக்கத்திலிருந்து மறுபடி சரிபார்க்கச் சொல்லலாம். நடுவில் ஒரு எழுத்தை யாராவது மாற்றியிருந்தால் அந்தப் பக்கத்திலேயே நோடு நின்றுவிடும். அப்படியே செய்தோம். கடையில் ஒன்பது நாள் இறங்கியது. டிஸ்க்கைச் சாப்பாட்டுத் தூக்கில் துணி சுற்றி வைத்து, மடியில் வைத்துக்கொண்டு திருச்சுழி பஸ்ஸில் போனேன். வண்டியில் வைத்தால் குலுங்கும் என்று பயம். அண்ணன் வீட்டில் சரிபார்ப்பு ஆரம்பித்தது. முதல் இரண்டு நாள் வேகமாகப் போய், அப்புறம் நத்தை மாதிரி ஊர்ந்தது. தினமும் சாயங்காலம் எனக்குப் போன் செய்து, எத்தனை சதவீதம் என்று படித்துச் சொல்வார். வேறு எதுவும் பேசமாட்டார். வைத்துவிடுவார்.

3. ஸ்வீட் பாக்ஸ்

சரிபார்ப்பு பாதியில் இருக்கும்போது ஜெயபால் என் கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் அரைக்கிலோ ஸ்வீட் பாக்ஸ். குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"மேடம், வேலுச்சாமி அண்ணாச்சி வீட்டு மெஷினை நீங்கதான் பார்க்குறீகளாம்ல. வயசானவுக. எதையோ வாங்கி மாட்டி வச்சுக்கிட்டு ஊரையே பயமுறுத்துறாக. இந்த மெஷின் நம்ம ஊரு கரண்டுக்கும் வெயிலுக்கும் சரிப்படாது, காட்டுறதை நம்ப முடியாதுன்னு உங்க லெட்டர்ஹெட்ல ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டா பிரச்சனை முடிஞ்சிரும்."

"கோளாறு இருந்துச்சு. சரி பண்ணிட்டேன். இப்ப ஓடுது."

"ஓடட்டும். நீங்க எழுதிக் குடுங்க. எனக்குப் பந்தல்குடி, காரியாபட்டின்னு நெறைய கஸ்டமர் இருக்காக. எல்லாருக்கும் ஒரு டேப்லெட் வாங்கித் தரலாம்னு இருக்கேன். அந்த சர்வீஸ் பூராம் உங்களுக்கே வந்துரும்."

நான் ஒன்று கேட்டேன். "அந்த ஆப் கணக்கை எங்கேயிருந்து எடுக்குது?"

"கம்பெனி சர்வர்லேர்ந்து."

"கம்பெனி எங்கேயிருக்கு?"

"அது இன்டர்நேஷனல் மேடம்."

ஸ்வீட் பாக்ஸை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். அவர் போகும்போது, "பொம்பளையா தனியாக் கடை நடத்துறீக. நாலு பேரு தயவு வேணும்" என்றார். மிரட்டல் மாதிரிச் சொல்லவில்லை, அக்கறை மாதிரிச் சொன்னார். அதுதான் அன்றைக்கு முழுக்க உறுத்தியது. மெஷின் சொல்வது தப்பு என்றால் எங்கே தப்பு என்று காட்டலாம். அந்த மனிதர் மெஷின் பக்கமே போகவில்லை. சர்வீஸ் பண்ணுகிறவளை விலைக்கு வாங்கினால் போதும் என்று நினைத்தார். இருபத்திரண்டு வருஷ வேலைக்கு அவர் போட்ட மதிப்பு அரைக்கிலோ ஸ்வீட்.

4. ஏழு சீட்டு

சரிபார்ப்பு தொடங்கிய பதினாறாம் நாள் காலையில் அண்ணன் கூப்பிட்டார். "நூறு வந்துருச்சும்மா. நீ வந்த பெறகுதான் முகவரியைப் போடுவேன். வா."

நான் போனபோது முன்னறையில் ஏழு வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். ஆளுக்கொரு சீட்டு கையில். முதலில் நோடு ஒழுங்காக ஓடுகிறதா என்று ஒரு சோதனை செய்து காட்டினேன். காரியாபட்டி ஆசிரியரிடம் முன்பே கேட்டு வாங்கி வைத்திருந்த அவர் முகவரியைப் போட்டேன். அவருக்கு எப்போது எவ்வளவு வந்தது என்று வரிசையாகக் காட்டியது. அவரையே போனில் பிடித்து எல்லோர் முன்னாலும் கேட்டேன். சரியாக இருக்கிறது என்றார்.

அப்புறம் அண்ணன் தன் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தானே தட்டினார். இரண்டு தடவை சரிபார்த்தார். பேரேடு முழுக்கத் தேடி முடிக்கக் காத்திருந்தோம். பூஜ்யம். வந்ததும் இல்லை, போனதும் இல்லை.

சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற பஞ்சவர்ணம் அக்கா தன் சீட்டை நீட்டினார். "என்னதையும் பாரு."

வாங்கிப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம். அதை அண்ணன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒரே முகவரி. மற்ற ஐந்தையும் வாங்கித் தரையில் வரிசையாகப் போட்டேன். ஏழு சீட்டில் இரண்டே முகவரிகள். அச்சடித்ததையே நகல் எடுத்து, ஒன்றை நாலு வீட்டுக்கும் இன்னொன்றை மூணு வீட்டுக்கும் கொடுத்திருக்கிறார் ஜெயபால். ஏழு பேரும் ஒருத்தர் சீட்டை ஒருத்தரிடம் காட்டமாட்டார்கள் என்ற தைரியம். காட்டவும் இல்லை. சொந்தக்காரனுக்குக்கூடச் சொல்லாதீர்கள், கண்ணு பட்டுவிடும் என்று சொல்லித்தான் கொடுத்தாராம்.

இரண்டாவது முகவரியையும் போட்டோம். அதுவும் பூஜ்யம்.

போனில் ஜெயபாலைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார் அண்ணன்.

"ஒரே முகவரியை எப்படிய்யா நாலு பேருக்குக் குடுத்தே?"

"அது ஜாயின்ட் அக்கவுண்ட்டு மாதிரி அண்ணாச்சி. அந்தப் பொம்பளை மெஷினை என்னவோ பண்ணி வச்சிருக்கு. கம்பெனி சர்வர்ல உங்க காசு பத்திரமா இருக்கு."

"அப்ப நாளைக்கு எனக்குக் காசாத் தா."

லைன் துண்டித்தது. மறுபடி எடுக்கவில்லை.

ஜெயபாலைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை. லாரி ஓட்டுகிறவர் என்னைப் பார்த்து, "நல்லா இருந்ததை நோண்டி நோண்டி இப்பிடி ஆக்கிட்டியேம்மா" என்றார். இன்னொருவர் அண்ணனிடம், "உன்னாலதாய்யா. அவரு கோவிச்சுக்கிட்டாரு. இனி தரமாட்டாரு" என்றார். பஞ்சவர்ணம் அக்கா மட்டும் சத்தமில்லாமல், "மூணு ஆட்டை வித்துக் குடுத்தேன். நீ வராம இருந்திருந்தா, இன்னும் கொஞ்ச நாளைக்காச்சும் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருப்பேன்ல" என்றார்.

வண்டியில் திரும்பும்போது பாதி வழியில் நிறுத்தி, ஒரு வேலமர நிழலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். ஒரு மாதம் போல உழைத்து ஒரு மெஷினைச் சரியாக்கியிருக்கிறேன். அதற்குக் கிடைத்தது இது. கோபம் அவர்கள் மேல் இல்லை என்று சொன்னால் பொய். இருந்தது.

5. தகராறு

அண்ணனும் பஞ்சவர்ணம் அக்காவும் மட்டும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அங்கே மனு எழுதிக்கொண்டவர் பாதி கேட்டதுமே, "கம்ப்யூட்டர் ரிப்பேர் சம்பந்தமான தகராறுன்னு போட்டுக்கிருவோம். மெஷின் கோளாறு, அதனால பணம் தெரியலை. அம்புட்டுத்தானே?" என்றார்.

"இல்லை சார்" என்றேன். "மெஷின்ல கோளாறு இல்லை. பணம்தான் இல்லை."

"நீ என்ன படிச்சிருக்கே?"

"டிப்ளமோ சார். இதை நம்ப என் படிப்பே வேணாம். இந்த ரெண்டு முகவரியையும் வேற எந்த ஊர்ல, எந்த நோடுல வேணும்னாலும் போட்டுப் பாருங்க. இதே பதில்தான் வரும். வேற பதில் வந்தா என்னைப் பிடிச்சு உள்ளே போடுங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டார். கையோடு கொண்டுபோயிருந்த ஜாப் கார்டை மேஜையில் வைத்தேன். என்னென்ன பழுது இருந்தது, எந்தத் தேதியில் எதை மாற்றினேன், போலி டிஸ்க்கின் படம், வோல்ட்டேஜ் அளவு, நோடு முழுதான நேரம், எல்லாம் வரிசையாக. அடியில் இரண்டு வரி: 'இன்றைய தேதியில் இயந்திரத்தில் பழுது இல்லை. சீட்டில் உள்ள இரண்டு முகவரிகளுக்கும் இதுவரை எதுவும் வந்ததில்லை.' ஆப்பைப் பற்றியோ ஜெயபாலின் மனசைப் பற்றியோ ஒரு சொல்லும் எழுதவில்லை. நான் அளந்தது அந்த இரண்டைத்தான். அவர் அதை இரண்டு தடவை படித்தார். மனு வேறு தலைப்பில் எழுதப்பட்டு, மாவட்ட சைபர் பிரிவுக்குப் போனது. அங்கே இருந்த ஒரு பெண் அதிகாரி இரண்டு முகவரிகளையும் அவர்கள் மெஷினில் போட்டுப் பார்த்து, அதே பதிலை அரை மணி நேரத்தில் சொன்னார்.

6. ஒரு கையெழுத்து

கேஸ் பதிவானதும் ஜெயபால் சமாதானத்துக்கு வந்தார். ஏழு வீட்டுக்கும் பாதிப் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார். இரண்டு நிபந்தனை. மனுவை வாபஸ் வாங்க வேண்டும். நோடு இயந்திரக் கோளாறால் தவறான இருப்பு காட்டியதால் ஏற்பட்ட மனவருத்தம் என்று ஒரு பேப்பர் தயாராகும், அதில் ஏழு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கீழே சர்வீஸ் செய்தவர் என்று நானும் போட வேண்டும்.

அண்ணனும் அக்காவும் தவிர மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் என் கடைக்கு வந்தார்கள். என்னை ஏசின அதே லாரிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒரு கையெழுத்துதானே தாயி. உனக்கென்ன போச்சு? பாதியாச்சும் கையில வருது. எம் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும்."

அன்றைக்குப் பட்ட பாடு வேறு எந்த நாளும் பட்டதில்லை. என் அப்பாவும் அம்மாவும் அவர்களைப் போலக் கூலிக்குப் போனவர்கள்தான். பாதிப் பணம் என்றால் அந்த வீடுகளில் அது என்னவென்று எனக்குத் தெரியும். யோசிக்க ஒரு நாள் கேட்டேன். அந்த ஒரு நாளில் கைக்கு வந்த பேனாவைப் பல தடவை மூடித் திறந்தேன்.

பிறகுதான் அந்த மனிதருக்கு என் கையெழுத்து எதற்கு என்று யோசித்தேன். சமாதானத்துக்கு ஏழு பேர் கையெழுத்து போதும். சர்வீஸ்காரி கையெழுத்து மற்ற ஊர்களுக்கு. பந்தல்குடியிலும் காரியாபட்டியிலும் அந்தப் பேப்பரை எடுத்துக் காட்டுவார். பாருங்கள், மெஷின்தான் கோளாறு, அருப்புக்கோட்டையில் சர்வீஸ் பண்ணினவரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பார். இன்னும் எத்தனை வீட்டு ஆடு போகுமோ.

மறுநாள் அவர்கள் வந்தபோது சொன்னேன். "இவ்வளவு பணம் திரும்ப வந்ததுன்னு எழுதட்டும், சாட்சிக் கையெழுத்துப் போடுறேன். மெஷின் கோளாறுன்னு எழுதினா போட மாட்டேன்."

லாரிக்காரர் சுவரில் அடித்தார். சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்போது கடை வாசலில் நின்றிருந்த பஞ்சவர்ணம் அக்கா உள்ளே வந்தார். அவர் எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"எங்க அக்காளைக் காரியாபட்டிப் பக்கம் கட்டிக் குடுத்திருக்கு. அவளும் அந்தாளுக்கிட்டக் குடுத்துட்டுக் காத்துக்கிட்டு இருக்கா. இந்தப் பேப்பரைக் கொண்டுபோயி அவகிட்டக் காட்டுவாரு. அவளும் நம்புவா. நானும் போட மாட்டேன். நீங்க வேணும்னா போடுங்க, நான் கோவிக்கலை."

ஐந்து பேர் என் கையெழுத்து இல்லாமலே அந்தப் பேப்பரில் போட்டுவிட்டு, பேசினதைவிடக் குறைவாகத்தான் வாங்கினார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அண்ணனும் அக்காவும் போடவில்லை. அவர்கள் கேஸ் இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா அருப்புக்கோட்டைக்கு வருகிறார்கள். பஞ்சவர்ணம் அக்காவின் அக்காளும் அந்த ஊரில் இன்னும் சிலரும் அதற்குப் பிறகு தனியாக மனு கொடுத்தார்கள். ஜெயபால் ஜாமீனில் இருக்கிறார். காரில்தான் போகிறார். இரண்டு தடவை என் கடை வழியாகப் போனார். கண்ணாடியை இறக்கி வணக்கம் வைத்துவிட்டுப் போனார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

திருச்சுழி ரோட்டில் இருந்து கொஞ்ச நாளைக்கு எனக்கு வேலையே வரவில்லை. அந்த லாரிக்காரர் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. மாதத்துக்கு ஒரு தடவை வேலுச்சாமி அண்ணன் வீட்டுக்குப் போய் தூசி தட்டி, பேட்டரி பார்த்து, அப்டேட் போட்டுவிட்டு வருகிறேன். நோடு ஓடுகிறது. அதில் அவருக்கு ஒரு பைசா இல்லை. இருந்தாலும் அணைக்க மாட்டேன் என்கிறார்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது. மெஷின் சரி என்று வாதாடுவதற்கு முன்னால் அதை உண்மையிலேயே சரியாக்குங்கள். சூடு, கரண்டு, எர்த், டிஸ்க் என்று ஒவ்வொன்றாக. நீங்கள் விட்டுவைக்கிற ஒரு சின்னக் கோளாறு போதும், ஏமாற்றுகிறவன் அதற்குள் போய் ஒளிந்துகொள்வான். இன்னொன்று, அளந்ததை மட்டும் எழுதுங்கள். பாவம் பார்த்தும் எழுதாதீர்கள், பயந்தும் எழுதாதீர்கள். நீங்கள் கையெழுத்துப் போடுகிற காகிதம் நீங்கள் போகாத ஊருக்கெல்லாம் போகும்.